கேட்கத் தயங்கும் கேள்வி

மதுரைச் சீமையில் தென்னையிலிருந்து விழுந்தோ, மாடு முட்டியோ முதுகுத்தண்டு முறிந்தவர், "எழுந்து நடப்பேனா, டாக்டர்?" என்று கேட்டுவிடுவார். "இனி இல்லற சுகம் உண்டா?" என்று மட்டும் கேட்கமாட்டார். மனைவியும் தலைகுனிந்து நிற்பாள்.

உண்டு! ஆசை பிறப்பது மூளையில். தண்டின் அடிப்பகுதி நரம்புகள் சேதப்படாவிட்டால், ஸ்பரிசத்தாலேயே பலருக்குக் குறி விறைக்கும். போதாவிடில், 1998-ல் வந்த ஸில்டெனாபில் மாத்திரையை டாக்டர் தருவார். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் சாப்பிடுவோர் அதைத் தொடவே கூடாது. விந்து தானாக வெளிப்படாதவருக்கும் அதிர்வுக் கருவியால் எடுத்துப் பிள்ளைப்பேறு வாய்க்கலாம். மார்புக்கு மேலே அடிபட்டவருக்கு அச்சமயம் தலைவலி மண்டையைப் பிளந்தால், ரத்த அழுத்தம் ஏறிவிட்டதென்று பொருள். உடனே நிறுத்தி நிமிர்ந்து உட்காரவேண்டும்.

வேலூரில் 1966-ல் திறந்த மறுவாழ்வு நிலையத்துக்கு வித்திட்ட டாக்டர் மேரி வர்கீஸே 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். அவ்வளவு தூரம் போகமுடியாதவர்கள் உள்ளூர் டாக்டரிடமே, "தனியாகப் பேசவேண்டும்" என்று கேட்கலாம். அதை மனைவி சொன்னாலும் தப்பில்லை.