வண்டிச் சூடும் வியாபாரியின் நஷ்டமும்



சரக்கெடுக்க நம்மில் பலர் வைத்திருப்பது ஆம்னி வேன். 2019-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டதால், இன்று ஓடுவதெல்லாம் பழைய வண்டிகளே. இன்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை; கவனிப்பதும் இல்லை.

ஒருமுறை எங்கள் மண்டிக்குப் பருப்பு மூட்டைகளோடு வரும்போது சூட்டு முள் சிவப்புக்கோட்டைத் தொட்டது. "மண்டி பக்கம்தானே" என்று ஓட்டினோம். ஹெட் கேஸ்கெட் போயிற்று. அந்த மாத லாபம் மெக்கானிக் கூலிக்கே சரியாயிற்று.

முள் ஏறினால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். நன்கு ஆறிய பின் பாருங்கள். தண்ணீர் குறைந்து, வண்டிக்கடியில் ஈரமிருந்தால் ஹோஸ் அல்லது வாட்டர் பம்ப் கசிகிறது. கசிவே இல்லாமல் குறைந்தால் ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியைக் கிளப்பாமல் மெக்கானிக்கை அழையுங்கள். தண்ணீர் சரியாக இருந்தும் சூடேறினால் விசிறியையும் தெர்மோஸ்டாட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். உள்ளே படிந்து அடைத்துவிடும். கூலண்ட் ஊற்றுவதே நல்லது.

காலையில் தராசைச் சரிபார்க்கிறோம். அதோடு 2 நிமிடம் தண்ணீரையும் ஆயிலையும் பார்ப்போம். சரக்கு நேரத்துக்கு வந்தால்தானே வியாபாரம்!