கொல்லை தெரியும் வீடுகள்

நான் வீடுகளுக்கு பிளான் போடுகிறவன். அதனால் அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஜான் பிகர்ஸின் படங்களில் மனிதர்களுக்கு முன்னால் கூரைகள்தான் என் கண்ணில் படும். அமெரிக்காவின் தெற்கே, டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் ‘தேர்டு வார்டு’ என்றொரு பகுதி. கறுப்பின மக்கள் தலைமுறைகளாக வாழும் இடம். அங்கே வரிசையாக நின்ற ‘ஷாட்கன்’ வீடுகளை அவர் ஓவியத்தில் நிலைக்கச் செய்தார்.

அந்த வீட்டுக்கு பிளான் போடுவது சுலபம். அகலம் சுமார் 12 அடி. முன்னால் ஒரு திண்ணை, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நான்கு அறைகள். நடைவழி கிடையாது, படுக்கையறையைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போகவேண்டும். வாசலில் நின்றாலே கொல்லை தெரியும். வாசலில் ஷாட்கன் துப்பாக்கியால் சுட்டால் குண்டு எதிலும் படாமல் கொல்லைவழியே போய்விடும் என்பார்கள். பெயர் அப்படி வந்ததாம். காற்றும் அப்படித்தான் ஓடும். ஹூஸ்டன் புழுக்கத்தில் அது சின்ன விஷயமில்லை. ஏழை ஒண்டிக்கொள்ளும் பெட்டி என்று பலர் ஒதுக்கிய இந்த வடிவத்தின் வேர், ஹைட்டி வழியாக மேற்கு ஆப்பிரிக்காவரை போகிறது என்று ஜான் மைக்கேல் விலாக் என்ற ஆய்வாளர் 1970களில் எழுதினார்.

பிகர்ஸுக்கு ஆய்வு தேவைப்படவில்லை. 1924இல், வட கரோலினாவில், அப்பா தன் கையால் கட்டிய ஷாட்கன் வீட்டில் பிறந்தவர் அவர். அம்மா ஊரார் துணியை வெளுத்துக் கொடுத்தவர். 1949இல் ஹூஸ்டனுக்கு வந்து, இன்றைய டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் ஓவியத் துறையைத் தொடங்கினார். பட்டம் வாங்குமுன் மாணவர்கள் கட்டடச் சுவரில் ஓவியம் தீட்டியே ஆகவேண்டும் என்பது அவர் வைத்த சட்டம்.

பிகர்ஸ் 1966இல் வரைந்த ஒரு படத்தில், எரிந்துபோன தேவாலயத்தின் எதிரே தெருவில் ஜனங்கள் கூடி நிற்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு விளையாடுகிறார்கள். ஆனாலும் எனக்கு 1987இல் வந்த ‘ஷாட்கன்ஸ்’தான் பெரிய படம். கூரை முக்கோணங்கள் ஒட்டுத்துணிப் போர்வையின் கட்டங்களாக மேலே மேலே அடுக்கிக்கொண்டு போகின்றன. முன்வரிசைத் திண்ணைகளில், தூண் இருக்கவேண்டிய இடத்தில் பெண்கள். அவர்கள் கையில் ஆளுக்கொரு குட்டி வீடு. தூரம், ஆழம் எதுவும் என் தொழில் கணக்குக்குச் சரிவராது. சரிவராததால்தான் அந்தப் பெண்கள் வீட்டைவிடப் பெரியவர்களாக நிற்கிறார்கள். அளவுகோலை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு இந்தப் படத்தில் வேலையில்லை.

படத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பிகர்ஸின் ஓவியங்களில் ஊறிய ரிக் லோ என்ற ஓவியர், வேறு ஆறு கறுப்பினக் கலைஞர்களோடு சேர்ந்து 1993இல் தேர்டு வார்டில் பாழடைந்துகிடந்த 22 ஷாட்கன் வீடுகளை மீட்டார். ‘புராஜெக்ட் ரோ ஹவுசஸ்’ என்று பெயர். சில வீடுகளில் கலைஞர்கள் தங்கள் படைப்புகளை வைத்தார்கள். மற்ற சிலவற்றில், தனியாகப் பிள்ளை வளர்க்கும் இளம் தாய்மார்கள் குடியேறிப் படிப்பைத் தொடர்ந்தார்கள்.