பெயரிடலும் பிறர் வாயும்: சேர்வராயன் மலையை முன்வைத்துத் தமிழ் ஆட்பெயர் மரபு

ஆய்வுச்சுருக்கம்

குழந்தைக்குப் பெயரிடும் பெற்றோர் ‘பிறர் என்ன சொல்வரோ’ எனத் தயங்குவதை இக்காலத்து மனநிலை எனக் கருதுவோர் உளர். அத்தயக்கம் தமிழ்ப் பெயரிடல் மரபின் உள்ளேயே அமைந்தது என்பதையும், அது பெயரிடுவோரை முன்னிட்டு எழுகிறதா, பெயர் தாங்குவோரை முன்னிட்டு எழுகிறதா என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஏற்காடு உள்ளிட்ட சேர்வராயன் மலைப்பகுதியும் அதன் அடிவாரமாகிய சேலமும் ஆய்வுக்களமாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: ஆட்பெயர், இடுகுறி, காரணப்பெயர், மலையாளிப் பழங்குடியினர், சேர்வராயன் மலை, பிறப்புப் பதிவு.

1. முன்னுரை

தமிழில் ‘பெயர்’ என்னும் சொல் அழைக்கும் சொல்லையும் குறிக்கும். ஊரார் ஒருவரைப் பற்றிக் கொண்டுள்ள மதிப்பையும் குறிக்கும். ‘பேர் எடுத்தான்’, ‘பேர் கெட்டது’, ‘பேர் சொல்லும் பிள்ளை’ என்னும் வழக்குகளில் இரண்டாம் பொருளே மேலோங்கி நிற்கிறது. ஒருவர் தம் பெயரைத் தாமே சொல்லிக்கொள்ளும் தருணங்கள் சில. பிறர் சொல்லக் கேட்கும் தருணங்கள் பல. எனவே பெயரிடலில் மூவர் பங்குகொள்கின்றனர்: இடுவோர், தாங்குவோர், அழைப்போர். இம்மூவருள் தாங்குவோருக்கு மட்டும் தேர்வில் இடமில்லை. பெற்றோரின் தயக்கத்தை ஆராயுங்கால் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

2. இலக்கண மரபில் ஆட்பெயர்

தொல்காப்பியப் பெயரியல் இயற்பெயரையும் முறைப்பெயரையும் வேறுபடுத்திக் காட்டும். எழுத்ததிகாரப் புள்ளிமயங்கியலோ அவ்விரண்டும் புணரும் இடத்திற்குத் தனி விதி வகுக்கிறது. இயற்பெயரின் முன் ‘தந்தை’ என்னும் முறைப்பெயர் வருங்கால் ‘சாத்தந்தை’, ‘கொற்றந்தை’ என்றும், ஆதன், பூதன் என்பன முறையே ‘ஆந்தை’, ‘பூந்தை’ என்றும் அமையும். இவை தந்தையை மகன் பெயரால் சுட்டுவன. மகனைத் தந்தை பெயரோடு சேர்த்துச் சுட்டும் ‘கொற்றங்கொற்றன்’, ‘சாத்தங்கொற்றன்’ போன்ற வடிவங்களை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். ஒருவர் பெயர் மற்றொருவர் பெயரோடு இணைந்தே வழங்கியது என்பதற்கு இவ்விதிகள் சான்றாகின்றன.

‘பேரன்’ என்னும் உறவுச்சொல்லும் இதனையே உணர்த்தும். ‘பெயரன்’ என்பதன் மரூஉவாகிய அச்சொல் பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்னும் பொருளடியாகப் பிறந்தது. முன்னோர் பெயரையே இடும் வழக்கில் ‘என்ன பெயர் வைப்பது’ என்னும் வினா ஏறத்தாழ எழுவதில்லை. ஆயினும் அங்கும் ஓர் இடர் உண்டு: மாமனார், மாமியார் பெயரை மருமகள் வாயாற் சொல்லுதல் வழக்கன்று. குழந்தைக்கு முன்னோர் பெயரை இட்டு, வீட்டில் அழைக்க வேறொரு பெயரை வைத்துக்கொள்ளும் இரட்டைப் பெயர் வழக்கு இவ்விடருக்குத் தீர்வாயிற்று.

நன்னூல் கூறும் இடுகுறி, காரணம் என்னும் பாகுபாடு இங்குப் பெரிதும் பயன்படுகிறது. இடுவோர்க்கு ஆட்பெயர் காரணப்பெயர். அழைப்போர்க்கு அது நாளடைவில் இடுகுறியாகிவிடும். ‘கருப்பன்’ என அழைக்கப்படுபவர் சிவந்த மேனியராக இருப்பினும் எவரும் வியப்பதில்லை. புதுப்பெயர் கேட்டு முதலில் நகைத்த ஊரார் ஓராண்டில் நகைப்பை மறப்பது இதனாலேயே. ஆனால் எல்லாப் பெயர்களும் இவ்வாறு இடுகுறியாவதில்லை.

3. சேர்வராயன் மலை: பிறர் வாயில் மாறிய பெயர்கள்

இம்மலையின் பெயரே பிறர் வாயிற் பட்டுத் திரிந்ததாகும். மலையுச்சிக் கோயிலில் உறையும் சேர்வராயனின் பெயரால் அமைந்த மலை ஆங்கிலேயர் வாயில் ‘செவராய்’ ஆயிற்று. ‘ஏரி’, ‘காடு’ என்னும் எளிய சொற்களால் ஆனதாகக் கொள்ளப்படும் ஏற்காடு ‘யெர்காட்’ ஆயிற்று. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காபிப் பயிரை இங்கு அறிமுகப்படுத்தினார். பின்னர்த் தோட்டங்களும், 1917இல் தொடங்கப்பெற்ற மான்ட்ஃபோர்ட் போன்ற உறைவிடப் பள்ளிகளும் பெருக, மலைமக்களின் பெயர்கள் அயலார் செவியில் விழத் தொடங்கின.

மலைவாழ் மலையாளிப் பழங்குடியினரின் தோற்றக் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் பதிவுசெய்துள்ளார். அதன் ஒரு வடிவத்தின்படி, காஞ்சியை விட்டு நீங்கிய கரிராமன் என்னும் தெய்வத்தைப் பின்தொடர்ந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் குடும்பத்தோடு புறப்பட்டனர். பெரியண்ணன் சேர்வராயன் மலையை அடைந்தான். ஒரு சமுதாயத்தின் மூதாதையர் பெயர்களாக இங்கு நிற்பவை பிறப்பு வரிசையைக் குறிக்கும் முறைப்பெயர்களே. இப்பெயர்கள் அழகையோ செல்வத்தையோ வீரத்தையோ பேசவில்லை. உடன்பிறந்தாருள் ஒருவர் நிற்கும் இடத்தை மட்டும் பேசுகின்றன. பெரியண்ணன், சின்னத்தம்பி, சின்னப்பொண்ணு என இன்றும் தமிழகமெங்கும் வழங்கும் பெயர்கள் இம்மரபினவே. அழைப்போர் அனைவரும் உறவினராக வாழும் சிற்றூரில் இத்தகைய பெயர் எவர் நகைப்புக்கும் உரியதாகாது. அதே பெயர் பள்ளி வருகைப் பதிவேட்டில் ஏறும்போது, அவ்வுறவை அறியாத செவிக்கு அது பழமையானதாக ஒலிக்கிறது. பெயர் மாறவில்லை, அழைப்போர் மாறினர்.

சமுதாயப் பெயரில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. மலையை ஆள்வோர் என்னும் பொருள்படும் ‘மலையாளி’, சமவெளியில் கேரளத்தவரைக் குறிக்கும் சொல்லாகவே உணரப்படுகிறது. தமிழே தாய்மொழியாக உடைய மக்கள் தம் சமுதாயப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் விளக்கமும் சொல்ல வேண்டியுள்ளது. அன்றாட வழக்கில் உயிருள்ள வேறு பொருள் நிற்பதால் இப்பெயர் இடுகுறியாக மறுக்கிறது. பட்டியல் பழங்குடியினர் ஆணையில் இப்பெயர் சேலம், தருமபுரி முதலிய மாவட்டப் பெயர்களோடு சேர்த்தே குறிக்கப்பட்டுள்ளது. ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையில் வாழ்வோர் அதே பெயரைத் தாங்கியும் பழங்குடிச் சான்றிதழுக்காக நெடுங்காலம் போராட நேர்ந்தது இதனாலேயே. பிறர் ஒரு பெயரை எவ்வாறு புரிந்துகொள்கின்றனர் என்பது வெறும் மனக்கவலை அன்று; வாழ்வுரிமையைத் தொடும் செய்தி என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

4. காக்கும் இழிபெயரும் சுமத்தும் இழிபெயரும்

பிறர் நோக்கை அஞ்சி இடப்பட்ட பெயர்களுள் பழமையானவை குப்பன், பிச்சை, மூக்கன் போன்றவை. முன்பிறந்த குழந்தைகளை இழந்த பெற்றோர், கண்ணேறும் கூற்றும் இக்குழந்தையை நாடாதிருக்கும்பொருட்டு மதிப்பற்றதெனத் தோன்றும் பெயரை இட்டனர். சொல் இழிந்தது, நோக்கம் குழந்தையைக் காப்பது. ஊராரும் அந்நோக்கத்தை அறிந்திருந்தமையால் அப்பெயர்கள் எளிதில் இடுகுறியாயின.

இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தகாதவை ‘வேண்டாம்’, ‘போதும்பொண்ணு’ எனப் பெண்குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர்கள். அடுத்தது ஆண்மகவாக வேண்டும் என்னும் வேண்டுதலாக இவற்றை விளக்குவர். வேண்டுதல் தெய்வத்தை நோக்கியது. அதனைச் சுமப்பவளோ அச்சிறுமி. ‘ஆண்பிள்ளை இல்லையா’ என்னும் சுற்றத்தாரின் கேள்விக்குப் பெற்றோர் தரும் விடை அவள் பெயராகிறது. மேலும் ‘வேண்டாம்’ நாள்தோறும் பயிலும் சொல்லாதலின் அதன் பொருள் மங்குவதில்லை. பெண்சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதன்முதலாகத் தொடங்கப்பெற்றது சேலம் மாவட்டத்திலேயே. பிறர் சொல்லுக்கு அஞ்சும் அச்சம் எந்த எல்லைவரை செல்லக்கூடும் என்பதை அவ்வரலாறு உணர்த்துகிறது. குப்பன் என்னும் பெயரில் அச்சம் குழந்தைக்காக எழுந்தது; ‘வேண்டாம்’ என்பதில் அது பெற்றோருக்காக எழுந்தது.

5. கொள்கைப் பெயர்கள்

1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்க அறைகூவியது. 1944இல் சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாடு அமைப்பின் பெயரையே திராவிடர் கழகம் என மாற்றியது. வேதாசலம் மறைமலையடிகள் ஆனதும், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், இராமையா அன்பழகன் ஆனதும் பெயரை அறிவிப்பாகக் கொண்ட காலத்தின் சுவடுகள். இவர்கள் தம் பெயரைத் தாமே தேர்ந்தவர்கள்; இடுவோரும் தாங்குவோரும் ஒருவரேயாதலின் நகைப்பையும் தாமே ஏற்றனர்.

பெற்றோர் தம் கொள்கையைப் பிள்ளைக்குப் பெயராக இடும்போது நிலை வேறு. 1953 மார்ச் 1ஆம் நாள் பிறந்த தம் மகனுக்கு, அதே மாதம் 5ஆம் நாள் மறைந்த சோவியத் தலைவரின் பெயரை மு. கருணாநிதி சூட்டினார். பின்னர்ச் சென்னைப் பள்ளி ஒன்று சேர்க்கைக்குப் பெயர்மாற்றம் கோரியதையும், தந்தை பெயரை மாற்றாது பள்ளியை மாற்றியதையும் மு.க. ஸ்டாலின் பொதுமேடைகளிற் கூறியுள்ளார். சேலத்தில் பொதுவுடைமைக் கட்சியினர் ஒருவர் தம் மகன்களுக்குக் கொள்கைகளின் பெயர்களையே இட்டிருந்த செய்தி, 2021 ஜூனில் நடந்த திருமணத்தின்போது நாடெங்கும் வியப்போடு பேசப்பட்டது. இத்தகைய பெயர்கள் தாங்குவோரைத் துன்புறுத்தாது நிற்க வேண்டுமாயின், நகைப்பு நேரும் இடத்தில் இட்டவர் உடன்நிற்றல் இன்றியமையாதது.

6. ஒற்றைப் பெயரும் ஆவணமும்

வீட்டுக்கொன்றும் வெளிக்கொன்றுமாகப் பெயர்கள் வழங்கிய காலத்தில் ஒரு பெயர் பொருந்தாவிடின் மற்றொன்று கைகொடுத்தது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் பெயரின்றியும் பிறப்பைப் பதிய இடமளிக்கிறது. பெயரை 12 மாதத்திற்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுவரை கட்டணத்தோடும் சேர்க்கலாம். 2023ஆம் ஆண்டுத் திருத்தமோ, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறப்புச் சான்றிதழையே பிறப்பு நாளுக்கும் இடத்திற்கும் உரிய ஆவணமாக்கியது. இதனால் சான்றிதழில் ஏறும் பெயரின் கனம் கூடியுள்ளது. முன்பு பல பெயர்களிடையே பகிர்ந்து கிடந்த கவலை இன்று ஒரு பெயரின்மேல் குவிகிறது. இக்காலப் பெற்றோரின் தயக்கம் மிகுந்து தோன்றுவதற்கு அவர்தம் மனத்தளர்ச்சியைவிட இம்மாற்றமே பெருங்காரணம் எனலாம்.

7. முடிவுரை

பெயர் பிறர் வாய்க்கென்றே ஆக்கப்படும் சொல்லாதலின், பிறரை எண்ணித் தயங்குதல் பெயரிடலின் இயல்பு. அத்தயக்கம் எய்தும் பயன் இரண்டு வினாக்களைப் பொறுத்தது. முதலாவது, பெயர்ச்சொல் நாளடைவில் இடுகுறியாகக்கூடியதா, அன்றாட வழக்கின் பொருளை விடாது சுமப்பதா என்பது. இரண்டாவது, அச்சம் யாரை முன்னிட்டது என்பது. பெரியண்ணன் என்னும் பெயரைப் பழமை எனக் கருதி ஒதுக்க நினைக்கும் மலைவாழ் பெற்றோர் அஞ்ச வேண்டுவது சிறிதே. அது விரைவில் வெறும் பெயராகிவிடும், உறவின் நினைவையும் காக்கும். குழந்தை விடைசொல்லவியலாத ஒரு கேள்வியைப் பெயராக்கித் தருவதற்கே பெற்றோர் அஞ்ச வேண்டும்.