உரல் சத்தம் வரும் திசை

ஈசானிய மூலை என்றால் நமக்கு வடகிழக்கு. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதி முழுவதற்கும் அதே சொல்தான் பெயர்: ஈசான். 20 மாகாணங்கள், நாட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பாங்காக்கில் இறங்கிக் கடற்கரைகளுக்குப் போகும் நம்மவர்கள் அந்தப் பக்கம் திரும்புவது அபூர்வம். திரும்புகிறவர்கள் புறப்படும் முன் கேட்பது ஒன்றுதான்: "அங்கே எங்கே சாப்பிடுவது?" நான் திருப்பிக் கேட்பேன்: "எத்தனை மணிக்கு?"

ஈசானில் நல்ல சாப்பாடு பொழுதுக்குப் பொழுது இடம் மாறும். விடியற்காலையில் சந்தையில் இருக்கும். வெயில் ஏறினால் சாலையோரக் கொட்டகைக்கு வந்துவிடும். பொழுது சாய்ந்தால் ரயில் நிலையத்துப் பக்கமோ ஏரிக்கரையிலோ இருக்கும். நேரம் தெரிந்தவருக்கு விலாசம் தேவைப்படாது.

காலை ஆறு மணிக்கு எழுந்து ஊர்ச் சந்தைக்குப் போங்கள். விடுதியில் அறை வாடகையோடு தரும் ரொட்டியையும் ஜாமையும் அங்கேயே விட்டுவிடுங்கள். சந்தையில் முதலில் கண்ணில் படுவது ஆவி. இரவெல்லாம் ஊறிய ஒட்டரிசியை, 'ஹுவாட்' என்னும் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் போட்டு, கொதிக்கும் பானையின் வாயில் செருகி வேகவைக்கிறார்கள். இதுதான் 'காவ் நியாவ்', ஈசான்காரர்களின் சோறு. குழம்புகளைப் பைகளில் ஊற்றி, காற்றோடு உப்ப வைத்து, ரப்பர் பேண்டு சுற்றி வரிசையாக அடுக்கியிருப்பார்கள். வாழையிலைப் பொட்டலங்களுக்கு 'மொக்' என்று பெயர். உள்ளே மீனோ காளானோ மூங்கில் குருத்தோ இருக்கும். ஒட்டரிசியைத் தட்டி, முட்டை தடவிக் கரியடுப்பில் சுடும் 'காவ் சீ' கிடைத்தால் நின்றபடியே சாப்பிடுங்கள். ஆறினால் விறைத்துவிடும். எட்டு மணிக்குப் போனால் காலிக் கூடைகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

உடோன் தானியில் மட்டும் காலை வேளையில் எனக்கு இன்னொரு பழக்கம் உண்டு: 'கை கத்தா'. உள்ளங்கை அகல வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றி, மேலே சீனத் தொத்திறைச்சித் துண்டுகளைத் தூவி, வாணலியோடு கொண்டுவந்து வைப்பார்கள். பக்கத்தில் இறைச்சி அடைத்த குட்டி ரொட்டி. ரொட்டி வந்தது வியட்நாம்காரர்களின் கைப்பக்குவத்தில். 1946இல் பிரெஞ்சுப் படை மேகாங் ஆற்றின் மறுகரையில், லாவோஸில் இருந்த தாகேக் நகரைத் தாக்கியபோது, அங்கே வாழ்ந்த வியட்நாமியர்கள் ஆயிரக்கணக்கில் ஆற்றைக் கடந்து இந்தக் கரைக்குத் தப்பி வந்தார்கள். உடோன், நோங் காய், நக்கோன் பனோம் ஊர்களின் சமையலில் அந்தக் குடும்பங்களின் கை இன்றும் தெரிகிறது.

பதினொரு மணிக்கு மேல் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். போக், போக், போக் என்று ஒரு சத்தம் கேட்கும். களிமண் உரலில் மர உலக்கை இடிக்கும் சத்தம். பாங்காக்கில் 'சோம் தம்' என்பதை இங்கே 'தம் மாக் ஹுங்' என்பார்கள், பப்பாளிக்காயை இடித்தது. சீவிய பச்சைப் பப்பாளி, பூண்டு, மிளகாய், தக்காளி, காராமணி, எலுமிச்சை எல்லாம் உரலுக்குள் போகும். இடிப்பவர் தலை நிமிராமல் கேட்பது: "மிளகாய் எத்தனை?" நம் நாக்கு காரத்துக்குப் பழகியது என்று நம்பிப் பத்து என்று சொல்லாதீர்கள். ஊசி மிளகாய் அது, இரண்டில் தொடங்குங்கள்.

அந்த உரலுக்குள் இறங்கும் இன்னொன்று 'பிளா ரா'. ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசிப்பொடியும் சேர்த்து ஜாடியில் மாதக்கணக்கில் ஊறவைத்த சாறு. கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு அந்த மணம் ஒரு நாளில் பழகிவிடும். ஈசான் உணவின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. பச்சையாகச் சாப்பிடத் தயங்கினால், காய்ச்சிய பிளா ரா வைத்திருக்கும் கடைகள் உண்டு, கேட்டால் சொல்வார்கள்.

அதே கொட்டகையில் கரியடுப்பு இருக்கும். பிளந்த மூங்கிலில் கோழியைச் செருகி, தணிந்த கனலில் பொறுமையாகச் சுடுவது 'கய் யாங்'. தொட்டுக்கொள்ள 'ஜேவ்': வறுத்த மிளகாய், புளி, மீன் சாறு, வறுத்த அரிசிப்பொடி. இந்தக் கோழிக்காகவே போகவேண்டிய ஊர் காவ் சுவான் குவாங். கோன் கேனிலிருந்து உடோன் போகும் வழியில், மித்ரபாப் நெடுஞ்சாலையில் இருக்கிறது. மித்ரபாப் என்றால் நட்பு. நமக்கும் புரிகிற சொல்தான். அமெரிக்க உதவியோடு சரபுரியிலிருந்து கோராட் வரை போட்டு 1958இல் திறந்த சாலை, பிறகு மேகாங் கரை வரை நீண்டது. நான் முதல்முறை அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அடுப்பில் சாம்பல்தான் இருந்தது. மறுநாள் பதினொன்றரைக்குப் போனேன். மூங்கில் கூடையிலிருந்து ஒட்டரிசியை விரலால் கிள்ளி உருட்டி, கோழியோடு சேர்த்து ஜேவில் தோய்த்துத் தின்ற அந்தப் பகலுக்காக இன்னொரு முறை அந்தச் சாலையில் போவேன்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: 'கோய் பிளா', பச்சை ஆற்று மீன். அதில் இருக்கும் கல்லீரல் புழு பித்தநாளப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. உலகிலேயே அந்நோய் மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் கோன் கேன் வட்டாரமும் ஒன்று. அங்குள்ள மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக மக்களிடம் மன்றாடுவது இதைத்தான். அன்போடு பரிமாறினாலும் கைகூப்பி மறுத்துவிடுங்கள். 'லாப்' என்னும் கொத்திறைச்சிக் கலவையைக் கேட்கும்போதும் வெந்த இறைச்சி என்று சொல்லிக் கேளுங்கள்.

சைவர்களுக்கு ஈசான் கடினம். மறைத்துச் சொல்லிப் பயனில்லை. மூங்கில் குருத்துக் குழம்பு பார்க்கச் சைவமாகத் தெரியும். உள்ளே பிளா ரா இருக்கும். கீரையை வதக்கினாலும் மீன் சாறு விழும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடையைத் தேடுங்கள். அது 'ஜே' உணவுக்கடை. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை, பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. மாகாணத் தலைநகர்களில், சீனர்கள் கடை வைத்திருக்கும் தெருக்களில், பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும். மதியத்துக்குள் போய்விட வேண்டும்.

மிஷலின் வழிகாட்டி 2023ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் கோராட், கோன் கேன், உடோன், உபோன் ஆகிய நான்கு ஈசான் நகரங்களைச் சேர்த்தது. அந்த நகரங்களில் ஒரே ஒரு வேளைதான் இருக்கிறது என்றால் அந்தப் பட்டியல் கைகொடுக்கும். ஆனால் நகரத்துக்கும் நகரத்துக்கும் இடையே இருக்கும் கொட்டகைகளைத் தேடி எந்த வழிகாட்டி போகும்?

மாலையில் கோராட்டில் இருந்தால் 'பட் மீ கோராட்' சாப்பிடுங்கள், அந்த ஊரின் அரிசி சேமியா வதக்கல். கூடவே சோம் தம் ஒரு தட்டு. உடோனில் ரயில் நிலையத்தை ஒட்டிய இரவுச் சந்தைக்குப் போங்கள். நான்கைந்து பேராகப் போனால் 'ஜிம் ஜும்' சொல்லுங்கள்: மண்சட்டியில் மூலிகை ரசம் கரிநெருப்பில் கொதிக்க, கீரையையும் இறைச்சியையும் அவரவரே போட்டு வேகவைத்து எடுத்துக்கொள்வது.

பயணத்தின் கடைசி ஊர் நோங் காய் என்றால் அன்று மதியம் வயிற்றைக் கொஞ்சம் காலியாக வைத்திருங்கள். ஆற்றங்கரையில் 'நேம் நுவாங்' காத்திருக்கிறது. சுட்ட பன்றி இறைச்சியை அரிசித் தாளில் வைத்து, கீரை, புதினா, பச்சை வாழைக்காய், நட்சத்திரப்பழம், பூண்டு, மிளகாய் எல்லாம் துண்டு துண்டாக அடுக்கி, சுருட்டி, கெட்டிச் சாற்றில் தோய்த்து ஒரே வாயில் போட வேண்டும். எதிரே மேகாங், அதற்கு அப்பால் லாவோஸ். 1994இல் திறந்த நட்புறவுப் பாலம் சற்று தூரத்தில் இருக்கிறது. அக்கரையிலும் இதே ஒட்டரிசிதான், இதே தம் மாக் ஹுங்தான். அங்கே விளக்குகள் எரியத் தொடங்கும்போதே இரண்டாவது தட்டைச் சொல்லிவிடுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் கடைக்காரம்மா அடுப்பை அணைத்துவிடுவார்.