உயிர்ச்சத்துக் குளிகைகள்: பயனும் எல்லையும்

மனித உடல் மாப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவற்றை மிகுதியாகவும், உயிர்ச்சத்துக்கள் எனப்படும் விற்றமின்களை மிகச் சிறிதளவாகவும் வேண்டி நிற்பது. அச்சிறிதளவு குறைந்தால் நோய் உண்டாகும். ஆயின், குறையைத் தீர்ப்பது மிகுதியாக உண்டால் நிறைநலம் தரும் என்று கொள்வது பொருந்துமா? இன்று குளிகைகளை நாடுவோர் முன் நிற்கும் வினா இதுவே.

உயிர்ச்சத்தின் வரலாற்றில் நம்மவர் சோற்றுக்கும் ஓரிடமுண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் பலரை மாய்த்தது. தீட்டிய பச்சையரிசியை உண்டோரிடையே அந்நோய் பரவ, புழுங்கலரிசியை உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர். இவ்வேறுபாட்டை வைத்தியர் பிரடன் எடுத்துக்காட்டினார். கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் பிளெச்சர் என்பார் இருவகை அரிசியையும் இரு பிரிவினருக்குத் தனித்தனியே அளித்து அதனை உறுதிசெய்தார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து மணியினுள் ஊறிவிடுகின்றது. ஆதலால் அரிசியைத் தீட்டிய பின்னும் அதிற் பெரும்பகுதி எஞ்சுகின்றது. அரிசியைப் பலமுறை கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் அதிலும் ஒரு பகுதி நீரோடு போய்விடும்.

குளிகை இன்றியமையாத இடங்களும் உள. சிசுவின் மூளையும் முண்ணாணும் உருவாகும் நரம்புக்குழாய், கருவுற்ற முதல் நான்கு வாரங்களுள் மூடிவிடும். தாய்மை உறுதியாகுமுன்பே அக்காலம் கழிந்துவிடுவதும் உண்டு. முன்னர் இக்குறையுடைய கருவைத் தாங்கிய பெண்களிடத்தே, கருத்தரிப்புக்கு முன்பிருந்தே போலிக் அமிலம் அளித்தால் அக்குறை மீளத் தோன்றுவது 72 வீதம் குறையும் என்று 1991ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. எனவே மகப்பேற்றை விரும்பும் பெண்கள் கருத்தரிக்கு முன்னரே அதனைத் தொடங்குதல் நலம்.

சைவ உணவினர் கருதவேண்டியது பி12 ஆகும். இது மரக்கறிகளிற் கிடைப்பதில்லை. பால், தயிர் என்பவற்றிற் சிறிதளவு உண்டு. அவற்றையும் விலக்குவோருக்குக் குளிகையோ ஊசியோ வேண்டும். முதியோர் சிலருக்கு உணவிலுள்ள பி12 செவ்வனே உறிஞ்சப்படாமையும் உண்டு. இங்கே ஓர் இடர் மறைந்துள்ளது. பி12 குறைந்தவர் போலிக் அமிலத்தை மாத்திரம் உண்டால் இரத்தசோகை நீங்கியதுபோல் தோன்றும். நரம்புகளின் சிதைவோ உள்ளே தொடரும். சோர்வு கண்டவுடன் கடையிற் கேட்டு வாங்கி உண்ணாது, இரத்தப் பரிசோதனை செய்வித்தல் இதனாலேயே வேண்டப்படுவது.

மிகுதி நன்மையன்று என்பதற்குப் பின்லாந்து சான்றாகும். அங்கே புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி அளிக்கப்பட்ட பீற்றா கரோட்டின் குளிகையை உண்டோரிடம் நுரையீரற் புற்றுநோய் 18 வீதம் மிகுந்திருந்தது. அமெரிக்க வைத்தியர் 14,641 பேரிடம் நிகழ்ந்து 2012இல் வெளியான ஆய்வில், பல்சத்துக் குளிகை புற்றுநோயைச் சிறிதளவே குறைத்தது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை. மேலும் ஏ, டி ஆகியன கொழுப்பிற் கரைவன. மிகுந்தால் உடலிலே தங்கித் தீங்கு செய்யும். கருவுற்றோர் ஏ உயிர்ச்சத்தை மிகையாக உண்டால் சிசுவின் உறுப்புக்கள் பழுதுறக் கூடும்.

கரோட்டின் குளிகையாகச் செய்த தீங்கை உணவிலுள்ள கரோட்டின் செய்வதாகக் காணப்படவில்லை. முருங்கையிலையிலும் பனம்பழக் களியிலும் அது நிறைய உண்டு. உடல் தன் தேவைக்கேற்ப அதனை ஏ உயிர்ச்சத்தாக மாற்றிக்கொள்ளும். முருங்கையிலை வறையிற் சேரும் தேங்காய்ப்பூவின் கொழுப்பு அதனை உறிஞ்சவும் துணைசெய்கின்றது.

ஆகவே, குளிகை குறையை நிரப்புவதேயன்றி உணவின் இடத்தைக் கொள்வதன்று. குறை உண்டோ என்று அறிந்து, வைத்தியர் கூறிய அளவில் உண்போர் பயன்பெறுவர். அறியாது உண்போர் பொருளை இழப்பதோடு, சிலவேளை நலத்தையும் இழப்பர்.