வலி நின்றால் பல் குணமாகிவிட்டதா?

இரண்டு நாளாக உயிரை எடுத்த பல்வலி, மூன்றாம் நாள் தானாக அடங்கிவிடும். ‘மாத்திரையிலேயே சரியாகிவிட்டது’ என்று அதோடு மறந்துவிடுவோர் ஏராளம். பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அதற்குப் பிறகும் கிருமிகள் வேர்நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சில மாதம் கழித்து ஒருநாள் கன்னம் வீங்கும். ஈறில் சீழ்க் கொப்புளம் தெரியும்.

உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கணக்கிட்டது. அவற்றில் பெரும்பாலானவை தொடக்கத்தில் வலிப்பதே இல்லை.

சொத்தை: தொடக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி

நாம் சாப்பிடும் சர்க்கரையை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலின் தாதுக்களைக் கரைக்கிறது. எச்சில் அதை மெல்லச் சரிசெய்யும். ஆனால், அதற்கு அவகாசம் வேண்டும். அதனால், சாப்பாட்டோடு சேர்த்து இனிப்பு சாப்பிடுவதைவிட, மணிக்கொரு தரம் சர்க்கரை போட்ட டீ குடிப்பதே பல்லுக்கு அதிகக் கேடு.

எனாமலில் நரம்பு கிடையாது. முதலில் தோன்றும் வெள்ளைப் புள்ளி வலிக்காததற்குக் காரணம் அதுதான். இந்தக் கட்டத்தில் ஃப்ளூரைடு சிகிச்சையே போதும். குழி விழுந்துவிட்டால், சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பல்லின் நிறத்திலேயே உள்ள காம்போசிட்டால் அடைப்பார்கள். நீல ஒளி பட்டதும் அது இறுகிவிடும். பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடியும்.

ரூட் கெனால்: கேப் வரை முடியுங்கள்

குளிர்ந்த தண்ணீர் பட்டபின் கூச்சம் வெகுநேரம் நீடித்தாலோ, இரவில் படுத்ததும் வலி கூடினாலோ, சொத்தை நரம்பைத் தொட்டிருக்கலாம். அப்போது செய்வதுதான் ரூட் கெனால்: மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய ஃபைல்களால் வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து, கிருமிநாசினியால் கழுவி, கட்டாபெர்ச்சாவால் நிரப்புவார்கள். மலேசியக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் பொருள் இது.

வலி போனதும், பல்லின் மேல் மாட்டும் உறையான கேப்பைப் போடாமல் நழுவிவிடுபவர்கள் உண்டு. சொத்தையும் சிகிச்சையுமாகப் பெரும்பகுதியை இழந்த கடைவாய்ப்பல், கேப் இல்லாமல் கடிக்கும்போது விரிசல் விட வாய்ப்பு அதிகம். வேர்வரை பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வேறு வழியிருக்காது.

ஈறு நோய்: பிரஷில் தெரியும் ரத்தம்

ஈறு நோயும் சத்தமில்லாமல்தான் வளரும். பல் தேய்க்கும்போது வரும் ரத்தமே முதல் அறிகுறி. புகைபிடிப்பவர்களுக்கு அந்த ரத்தமும் குறைவாகவே வரும் என்பதால் நோய் மறைந்தே இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் தீவிரமாகலாம். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினம்.

இதற்கு முதல் சிகிச்சை, பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங். ‘கிளீன் செய்தால் பல் ஆடும்’ என்பது தவறு. இடைவெளியை அடைத்திருந்த காரை போனதும், ஏற்கெனவே ஈறு இறங்கியிருந்தது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பிடுங்கிய பிறகு

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்ற பயமும் வீண். பல்லுக்கும் பார்வை நரம்புக்கும் தொடர்பில்லை. ஆனால், பிடுங்கிய இடத்தைக் காலியாக விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும். பிரிட்ஜ் கட்டலாம், அல்லது டைட்டானியம் இம்ப்ளான்ட் பொருத்தலாம். இம்ப்ளான்ட், ஸ்வீடன் மருத்துவர் பிரோனெமார்க் 1965-இல் நோயாளிக்கு முதன்முதலாகப் பொருத்திய முறை. எலும்போடு இம்ப்ளான்ட் ஒட்டிப்பிடிக்கச் சில மாதங்கள் ஆகும்.

ஃப்ளூரைடு பேஸ்ட்டால் தினமும் இருமுறை துலக்குங்கள். வலி இல்லாவிட்டாலும் பல் மருத்துவரை அவ்வப்போது பாருங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ வாயில் இருந்தால், குறிப்பாகப் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், உடனே காட்டுங்கள். வாய்ப் புற்றுநோயும் தொடக்கத்தில் வலிக்காமல் இருக்கலாம்.