மலையகப் பெண் எழுத்தும் ‘பேர்’ என்ற சொல்லும்

புலம்பெயர்ந்த பெண்களின் எழுத்து என்றதும் டொரொண்டோவும் பாரிஸும் லண்டனும்தான் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. பதுளையில் வாழும் நாம் அப்படி நினைப்பது சற்று வேடிக்கையானது. பசறைக்கோ ஹாலிஎலவுக்கோ போகும் பஸ்ஸில் ஏறி அரைமணி நேரம் பயணித்தால் போதும். புலம்பெயர்ந்து வந்தவர்களின் பேத்திகளும் கொள்ளுப் பேத்திகளும் மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். இவ்வாரம் அவர்கள் பக்கம் நமது பார்வையைத் திருப்புவோம்.

ஒரு சிறு சம்பவத்தோடு தொடங்குகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் தர மாணவி ஒருத்தி ‘என் தாய்’ என்ற கட்டுரையில், “மழையால் அம்மாவுக்கு அரைப் பேர்தான் விழுந்தது” என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் ‘பேர்’ என்பதை வெட்டி, ‘அரைநாள் சம்பளம்’ என்று திருத்தினேன். கொப்பியை வாங்கிக்கொண்டவள் தயங்கியபடி, “சேர், எங்கம்மா அப்படிச் சொல்ல மாட்டாங்களே?” என்றாள்.

தோட்டத்தில் ‘பேர்’ என்பது செக்றோலில் விழும் ஒருநாள் வேலை. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல. தெரிந்தேதான் வெட்டினேன். அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு பெண்ணின் அடையாளமும், அவளது மொழியும், அவள் வீட்டு இராச் சாப்பாடும் அடங்கியிருந்தன. ‘சம்பளம்’ என்ற சொல்லில் கடைசியில் சொன்னது மட்டுமே உண்டு.

மலையகப் பெண் எழுத்தின் வரலாறு நூல்களில் தொடங்கவில்லை. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கொழுந்து மலைப் பாட்டிலும் தொடங்கியது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அப்பாடல்களைத் தொகுத்தார்கள். ஆயினும் வாய்மொழிப் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் நிற்பதில்லை. பாடியவளின் பேர் செக்றோலில் மட்டுமே விழுந்தது.

பெயரோடு நமக்குக் கிடைக்கும் முன்னோடி மீனாட்சியம்மாள். தஞ்சையிலிருந்து வந்து தோட்டத் தொழிலாளர் இயக்கத்துக்கு அடிகோலிய கோ. நடேசையரின் மனைவி. எழுத்தறியாத மக்களுக்குக் கட்டுரை பயன்படாது என்பதை உணர்ந்து, அன்று பிரபலமாயிருந்த மெட்டுகளில் பாட்டுக் கட்டி, கூட்டங்களில் தாமே பாடினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற அவரது பாடல் நூல் 1940 இல் வெளிவந்தது. இந்திய வம்சாவளியினருக்கு எதிரான குரல்கள் ஓங்கியிருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

எட்டு ஆண்டுகளில் சட்டமே வந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை வழியையே கேட்டது. தந்தை இங்கு பிறந்தவரா, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்களா என்பதே கேள்வி. தாய் எங்கு பிறந்தாள் என்று கேட்கவேயில்லை. தாய் வழியாகவும் பிரஜாவுரிமை பெறலாம் என்ற திருத்தம் 2003 இல்தான் வந்தது. தாய்மொழி என்கிறோம், தாய்நாடு என்கிறோம். நாட்டைப் பிள்ளைக்குக் கொடுக்கும் உரிமை தாய்க்கு வர ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

1964 இல் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ நாவல் வெளிவந்தது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து அந்தப் பச்சையை நம்பி வந்தவர்களின் கதையை ஒரு பெண் எழுதினார். அதே ஆண்டு ஒக்டோபர் 30 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்றும் முடிவாயிற்று. எஞ்சியோரின் கதி பின்னர் பேசப்பட்டது. வந்த வழியே திரும்பிப் போகும் கதை இனித்தான் எழுதப்பட வேண்டியிருந்தது.

அக்கதையின் ஓர் ஏடு எங்கள் வீட்டிலும் உண்டு. என் பெரியம்மா எழுபதுகளில் கூடலூருக்குப் போனார். அம்மாயி ஹாலிஎலவிலேயே இருந்துவிட்டார். இங்கே ‘இந்தியாக்காரி’ எனப்பட்ட பெரியம்மா அங்கே ‘சிலோன்காரி’ ஆனார். தொண்ணூறுகளில் பள்ளிச் சிறுவனான நான்தான் அம்மாயிக்குக் கடிதம் எழுதுவேன். “ஒன் மொகத்தப் பாக்காம கண்ணு பூத்துப் போச்சுன்னு எழுதுய்யா” என்பார். நானோ, “தங்களைக் காண ஆவலாயுள்ளோம்” என்று எழுதி வாசித்துக் காட்டுவேன். “நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் சொன்ன மாதிரி இல்லையே” என்பார். மாணவியின் கேள்வியும் அம்மாயியின் கேள்வியும் ஒன்றே என்று புரிய எனக்கு முப்பது வருடங்கள் தேவைப்பட்டன.

ஜும்பா லாஹிரியின் ‘தி நேம்சேக்’ (2003) நாவலில், அமெரிக்காவில் பிறந்த வங்காளிக் குழந்தைக்குக் கல்கத்தாவிலிருந்து தாயின் பாட்டி பெயர் எழுதி அனுப்புகிறாள். அக்கடிதம் வந்து சேர்வதேயில்லை. ஆஸ்பத்திரியின் அவசரத்துக்காகச் செல்லப் பெயர் பத்திரத்தில் ஏறிவிடுகின்றது. பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிழையாகி, அதைத் திருத்த வேலைநாளைத் தொலைத்து, கந்தோர் கந்தோராய் அலையும் நமது தோட்டத்துத் தாய்மாருக்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை. லாஹிரியின் பாட்டியுடைய கடிதம் தபாலில் தொலைந்தது. என் அம்மாயியின் கடிதம் என் பேனையில் தொலைந்தது.

பேச்சுத் தமிழில் எதையும் எழுதலாம் என்று நான் வாதிடவில்லை. பரீட்சைத் தாளுக்குரிய தமிழை மாணவர் கற்றேயாக வேண்டும். ஆனால் ‘பேர்’, ‘மடுவம்’, ‘பிரட்டு’, ‘பிள்ளைக் காம்பரா’ ஆகியவை பிழைச் சொற்கள் அல்ல. ஒரு வாழ்க்கைக்கு வேறு சொல் இல்லாதபோது பிறந்தவை. அவற்றை வெட்டிவிட்டு, மலையகத்தில் பெண் எழுத்தாளர் ஏன் அதிகம் தோன்றவில்லை என்று ஆய்வரங்குகளில் கேட்பது நியாயமாகாது.

மறுநாள் அம்மாணவியின் கொப்பியைக் கேட்டு வாங்கினேன். நான் வெட்டிய சொல்லை அதன் மேலேயே மீண்டும் எழுதிக் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் ஓர் அம்மாயியோ அப்பாயியோ இருந்தால், அவர் சொல்வதை இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவர் சொன்ன மாதிரியே எழுதுங்கள்.